அத்தாராளுக்கு மூன்று ஓலை

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆமாம், ‘ம்’ என்றுதான் சொன்னேன். அதை நான் மறுக்கவில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்று, “மஸ்கட் பையன் வீட்டுக்குச் சரின்னு சொல்லிரவாளா?” என்று கேட்டபோது, பேலேகு என்ற பெயருக்கு எதிரே ‘பிரிவு’ என்று எழுதி முடித்திருந்தேன். அவன் தம்பி யொக்தானுக்குச் ‘சிறியவன்’ என்று போடலாமா என்ற சந்தேகத்தில் ‘ம்’ என்று இழுத்தேன். அது யொக்தானுக்கான ‘ம்’. அம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அது மே மாதம். அந்த ‘ம்’ இப்போது மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, சமையலுக்கு ஆள் பேசிவிட்டது. இருபத்தெட்டாம் தேதி கல்யாணம். என் வாழ்க்கையில் நான் சொன்ன எதுவும் இவ்வளவு வேகமாகச் செயலுக்கு வந்ததில்லை.

நடுவில் திருத்த நேரம் இருந்ததா? இருந்தது. மே, ஜூன், ஜூலை. நான் வேதாகமத்தில் நாளாகமம் என்ற புத்தகத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களில் இருந்தேன். அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. இன்னான் இன்னானைப் பெற்றான், அவ்வளவுதான். அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன, என்ன பொருள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஊரில் சுருக்கமாக, ‘பேருக்குப் படிக்கா’ என்கிறார்கள். பிழையில்லாத சுருக்கம்.

ஞாயிறன்று முதல் ஓலை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பிற்கால ஆய்வாளர்களுக்காக ஒரு குறிப்பு: ஓலை என்பது எங்கள் சபையில் கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு, ஆராதனை நடுவில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்ல யாராவது உண்டா என்று ஐயர், அதாவது எங்கள் போதகர், கோயிலில் கூடியிருக்கும் சபையைக் கேட்பார். எழுதுவது காகிதத்தில்தான். யாரும் தடை சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. ஐயரும் பதிலுக்காக நிற்பதில்லை, மூச்சு விடாமல் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார்.

ஓலை வாசிக்கிற அன்று மணப்பெண் கோயிலுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஏன் என்று கேட்டால் அம்மாவுக்குத் தெரியாது, அவள் அம்மாவும் போகவில்லை. ஆனால் கோயில் ஒலிபெருக்கி எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. கறிக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே என் கல்யாணத்துக்குத் தடை உண்டா என்று ஐயர் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐயர் என் பெயரில் தடுக்கினார். “அத்... அத்தா... அத்தாராள்.” யாரோ இருமினார்கள். அப்புறம் வாலிபர் கூடுகைக்கான அறிவிப்பு.

பெயருக்கு அப்பாதான் பொறுப்பு. பிள்ளை பிறந்ததும் கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பார், விரலுக்கு அடியில் எந்தப் பெயரோ அதுதான். அண்ணனுக்கு முதலில் பூஸ் என்று விழுந்ததாம். அம்மா அழுததில் இன்னொரு முறை விரல் வைத்து யாபேஸ் ஆனான். எனக்கு அத்தாராள். அம்மா இந்த முறை அழவில்லை, களைத்துப் போயிருந்தாளாம். வீட்டில் தாரா.

அத்தாராள் என்றால் கிரீடம். யெர்மெயேல் என்பவனுக்கு இரண்டாவது மனைவி. முதல் மனைவிக்குப் பெயர்கூட இல்லை. இவளுக்கு ஒரே ஒரு வசனம்: கட்டிக்கொண்டாள், ஒரு மகனைப் பெற்றாள். அத்துடன் கிரீடம் கழற்றப்படுகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாப்பிள்ளை கிப்ட்சனின் அம்மா போன் செய்தார்கள்.

“ஏம்மா தாரா, நீ பேருலதான ஆராய்ச்சி பண்ணுத? நம்ம வீட்டுக்கும் ஒரு பேரு பாத்து வையி. ஆம்பளப் பிள்ளைக்கு ஒண்ணு, பொம்பளப் பிள்ளைக்கு ஒண்ணு. யாரும் வைக்காத பேரா இருக்கணும்.”

“மக்லோன், கிலியோன்னு ரெண்டு இருக்கு அத்தை.”

“கேக்க நல்லாருக்கே! என்ன அர்த்தம்?”

நோயாளி. நலிந்து போகிறவன்.

“பழைய பேரு அத்தை. அர்த்தம் இன்னும் தேடணும்.”

“தேடு, தேடு. இன்னும் பத்து மாசம் இருக்குல்லா” என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகும் கொஞ்சம் சிரிப்பு மிச்சம் இருந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

மதியம் நேசமணி மேடம், என் நெறியாளர், செய்தி அனுப்பியிருந்தார். பெங்களூரில் இரண்டு வருட எபிரெய மொழிப் படிப்புக்கு எனக்காகப் பேசி வாங்கிய இடம். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். ‘என்ன முடிவு?’ என்று கேட்டிருந்தார். நான் கைகூப்பிய படம் ஒன்றை அனுப்பினேன். அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 6, புதன்

பெங்களூரில் இப்போது குளிராம். எனக்கென்ன. சும்மா பார்த்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்றைய பெயர் சேராள். எப்பிராயீம் வம்சம். ஊர்களைக் கட்டினவள் என்று அவளைப் பற்றி எழுதியிருக்கிறது. கொத்தனாரை வைத்தாளோ, தானே கல் சுமந்தாளோ, விவரம் இல்லை. கணவன் பெயர் இல்லை, பிள்ளை பெயர் இல்லை. பெயர்ப் பட்டியலில் பிள்ளை பெறாமல் இடம் பிடித்த பெண்.

பொருள் தேடினேன். வேர்ச்சொல்லைப் பார்த்தால் ‘உறவுக்காரி’ என்றுதான் வருகிறது. ஊர் ஊராகக் கட்டியிருக்கிறாள். வீட்டில் கேட்டிருந்தால், “அவளா, நமக்கு உறவுதான்” என்றிருப்பார்கள்.

அரை நாள் இவளிடமே உட்கார்ந்திருந்தேன். ஆய்வுக்கு இது தேவையில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

படித்ததை வாழ்க்கைக்குப் பயன்படுத்தச் சொல்வார் நேசமணி மேடம். பயன்படுத்தினேன்.

கல்யாணப் பத்திரிகையில் கிப்ட்சன் வீட்டு முன்னோர் வரிசையில் ஆசீர்வாதம் வாத்தியார் என்று ஒரு பெயர் இருந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு ஆசீர்வாதம் வாத்தியார் உண்டு, அப்பாவின் சின்னத் தாத்தா. இரண்டும் ஒரே ஆளாக இருந்து, கிப்ட்சனின் அப்பா அந்த வழியில் வந்தவராக இருந்தால், அவர் என் அப்பாவுக்குத் தம்பி முறை. கிப்ட்சன் எனக்கு அண்ணன். அண்ணன் முறையில் இந்த ஊரில் யாரும் கட்டிவைக்க மாட்டார்கள். சபைச் சட்டத்தில் இவ்வளவு தூரத்து உறவு தடையில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் சபையைவிட ஞானதீபம் அத்தை பெரியவள்.

அத்தை, அப்பாவின் அக்கா, பின்தெருவில் இருக்கிறாள். யார் யாருக்கு என்ன முறை என்று அவள் சொன்னால் மேல்முறையீடு கிடையாது. போனபோது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“அத்தை, கிப்ட்சன் வீட்டு ஆசீர்வாதம் வாத்தியாரும் நம்ம ஆசீர்வாதம் வாத்தியாரும் ஒரே ஆளா?”

“எந்த ஆசீர்வாதம்? மூக்குப்பொடி ஆசீர்வாதமா, தொப்பி ஆசீர்வாதமா?”

“வாத்தியார், அத்தை.”

“ரெண்டு பேரும் வாத்தியார்தாம்ட்டி.”

“சாயர்புரத்துல இருந்தவரு.”

“மூக்குப்பொடி! எங்க தாத்தாவுக்குக் கூடப்பொறந்த தம்பில்லா.” கீரையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். “அவரா அவங்க வீட்டு ஆளு?”

ஒரு ஆய்வாளருக்கு வாழ்க்கையில் ஒரு முறைதான் இப்படி அமையும்.

“அப்பம் கிப்ட்சனோட அப்பா எங்க அப்பாவுக்குத் தம்பி முறை. அப்படித்தான அத்தை?”

“அப்பன் எங்கட்டி வந்தான் இதுல? அவன் அம்மைல்லா சாயர்புரத்துக்காரி! மூக்குப்பொடிக்கு மகன் வழிப் பேத்தி.” விரல்களை மடக்கினாள், நீட்டினாள். முகம் மலர்ந்துவிட்டது. “எட்டி! அப்பம் அவ எனக்குத் தங்கச்சி முறை! உனக்கு அத்தை! அவன் உனக்கு அத்தை மகம்ட்டி. சொந்த முறை மாப்பிள்ளை! இது தெரியாம அந்நியத்துல கொடுக்கமேன்னு நான் மனசுக்குள்ள வருத்தப்பட்டுட்டு இருந்தேன் பாத்துக்கோ.”

நான் தெரு முனைக்கு வருவதற்குள் அத்தை போனில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். வீட்டில் அம்மா என் வாயில் சீனியைப் போட்டாள். “படிச்ச பிள்ளைங்கறது இதுக்குத்தான்” என்றாள்.

மூன்று வருட ஆய்வில் எனக்குக் கிடைத்த முதல் உறுதியான முடிவு இது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டாம் ஓலை. இன்று ஐயர் என் பெயரில் தடுமாறவில்லை, ‘அத்தாராள்’ என்று வழுக்கிக்கொண்டு போனார். வீட்டில் சொல்லிப் பார்த்திருப்பார் போல. நான் இட்லிச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். தடை உண்டா என்று கேட்டபோது சட்டியைத் தேய்ப்பதை நிறுத்தினேன். யாராவது இருமட்டும் என்று இருந்தது. இந்த வாரம் யாருக்கும் இருமலில்லை.

மாலை கடைவீதியில் ஒரு ஸ்வெட்டரின் விலையை விசாரித்தேன். மஸ்கட்டுக்கு ஸ்வெட்டர் வேண்டாம் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வேதாகம அகராதி இரவல் வேண்டும் என்று ஐயர் வீட்டுக்குப் போனேன். அந்த அகராதி என்னிடமே இருக்கிறது.

ஐயர் மனிதர் நல்லவர். எங்கள் சபை வட்டாரமான சேகரத்துக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. பசுவுக்குப் பிண்ணாக்கு கரைத்துக்கொண்டே பேசினார்.

“ஐயா, ஒரு சந்தேகம். ஆய்வுக்காகக் கேக்கேன்.”

“கேளும்மா.”

“ஓலைல ‘தடை’ன்னு கேக்கீங்கள்ல, எதெல்லாம் தடை? ஏற்கெனவே கல்யாணம் ஆயிருந்தா தடை. வயசு பத்தலன்னா தடை. இந்தக் காலத்துல, சும்மா ஒரு பேச்சுக்கு, பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா, அதுவும் தடையில சேருமா?”

ஐயர் வாளியிலிருந்து கையை எடுத்தார்.

“அது தடையில சேராதும்மா. அது இருந்தாத்தான் கல்யாணம். அது இல்லாத இடத்துல நான் எதுக்குத் தடை கேக்கணும்?” கையை உதறினார். “ஆய்வுக்குத்தான கேட்ட?”

“ஆய்வுக்குத்தான் ஐயா.”

“நாளாகமத்துல இது எங்கம்மா வருது?”

“வரல ஐயா. அதான் கேட்டேன்.”

என்னைப் பார்த்தார். நான் பசுவைப் பார்த்தேன். பசுவின் பெயர் என்ன என்று கேட்டேன். கேத்தூராளாம். ‘தூபம்’ என்று பொருள் சொன்னேன். “அப்படியா” என்றார். அகராதியைக் கொடுத்தார். இப்போது இரண்டு இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

டவுனில் பட்டு எடுக்கப் போனோம். இரண்டு வீட்டுப் பெண்களும் தரையில் சேலைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்கள். சந்தன நிறமா, பால் வெள்ளையா என்று விவாதம். என்னைக் கேட்டார்கள். “எதுனாலும்” என்றேன். ஞானதீபம் அத்தை, “எதுனாலும்னு ஒரு கலரு இருக்காட்டி?” என்றாள்.

லீவில் வந்திருக்கிற கிப்ட்சன் கீழே ரோஸ்மில்க் வாங்கித் தருவதாகக் கூட்டிப் போனார். இதற்கு முன் நான்கைந்து முறை போனில் பேசியிருக்கிறோம். உரையாடல்களில் வெயில் அதிகம் இடம்பெற்றது.

“என் பேருக்கு நீங்க ஆராய்ச்சி பண்ண வேண்டாம்” என்றார். “கல்யாணமாகி எட்டு வருஷம் எங்க அம்மாவுக்குப் பிள்ளை இல்ல. நான் பொறந்ததும் அப்பா டக்குனு வச்சுட்டாரு. கிப்ட்சன். அகராதியே வேண்டாம், பாருங்க.”

எனக்கு அவரைப் பிடித்தது. அது எவ்வளவு இடைஞ்சல் என்று எழுத வேண்டியதில்லை.

“உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு சொல்லிரலாம்ல” என்றேன்.

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் டம்ளரை வைத்தார்.

“நான் எதுக்குங்க அப்படிச் சொல்லணும்?”

“பொண்ணு ரொம்பப் படிச்சவ, ஒத்துவராதுன்னு சொல்லலாம். ஆம்பள சொன்னா ரெண்டு நாள்ல ஊரு மறந்துரும்.”

“உங்களுக்கு வேண்டாமா?”

‘ம்’ என்றேன். பிறகு, இந்த எழுத்தை நம்பி ஏற்கெனவே ஒரு முறை கெட்டாயிற்று என்று தோன்றி, “வேண்டாம்” என்றேன். “பெங்களூர்ல படிக்க இடம் கிடைச்சிருக்கு. அது இல்லாட்டாலும் வேண்டாம். உங்க மேல குறையில்ல.”

கண்ணாடிக்கு வெளியே ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

“மேல எங்க அம்மா உங்களுக்குச் சேலை எடுத்துட்டு இருக்காங்க.”

“தெரியும்.”

“நான் வேண்டாம்னு சொன்னா உங்களுக்கு வசதி. அந்தப் பழிய நான் தூக்கிட்டு மஸ்கட் போவேன். எங்க அம்மா என்னையத் திட்டிட்டு, ‘அவ எவ்வளவு நல்ல பிள்ளை’ன்னு உங்களப் பாத்து அழுவாங்க. மாட்டேங்க. நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா, நான் குறுக்க நிக்க மாட்டேன். அத மட்டும் செய்யுதேன்.”

இரண்டு ரோஸ்மில்க் டம்ளரையும் அவரே எடுத்துக்கொண்டு போய்க் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

மேலே சந்தன நிறம் ஜெயித்திருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஒரு பெயரும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

அப்பா மதியம் நாளைக்கான சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் போடுகிற சட்டையை அவரேதான் தேய்ப்பார். அம்மா அத்தை வீட்டில். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, செலோப்பியாத்தின் மகள்களைப் பற்றி ஆரம்பித்தேன். ஐந்து பேர், ஒருத்தியின் பெயர் ஓக்லாள், கவுதாரி என்று பொருள், ஐந்து பேரும் தங்களுக்கு உரிய பங்கைக் கேட்டுச் சபைக்கு முன்னால் வந்து நின்று...

“என்ன சொல்ல வந்த?” என்றார் அப்பா.

“கவுதாரி...”

“தாரா.”

“எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா.”

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“பையன் எதுவும் சொன்னானா?”

“இல்ல. நல்லவரு.”

“வேற யாரும் மனசுல இருக்கா?”

“இல்லப்பா. பெங்களூர் போகணும். எபிரெயம் படிக்கணும்.”

“படிச்சு?”

“படிச்சு... படிக்கணும்.” எழுதும்போது இது இன்னும் மோசமாகத் தெரிகிறது. ஆனால் இதைத்தான் சொன்னேன்.

“இத மே மாசம் சொல்ல என்ன?”

மேசையில் விரித்த துணியின் ஓரத்தை நீவிவிட்டேன்.

“பத்திரிகை ப்ரூஃபு வந்தப்ப நீ பேலேகுல தப்பு கண்டுபிடிச்சுட்டு இருந்த. பத்திரிகையப் பாக்கவே இல்ல. நான் கவனிச்சேன்.” காலரைத் திருப்பிப் போட்டார். “கவனிச்சேன். கேட்டா நீ ஏதாவது சொல்லிருவியோன்னு கேக்கல. பிள்ளைக்கு ஒரு இடம் அமைஞ்சா போதும்னு இருந்துட்டேன்.”

சட்டை கொஞ்சம் கருகிய வாசனை. இருவரும் பார்த்தோம். கருகவில்லை.

“நான் போயி நிறுத்த மாட்டேன் தாரா. அவங்க வீட்டுக்குப் போறேன், கால்ல விழணும்னாலும் விழுறேன், அது என் பாடு. ஆனா வேண்டாங்கறத நீதான் சொல்லணும். இல்லன்னா, அப்பன் கெடுத்தான்னு சொல்லுவாங்க. நாளைக்கு நீயும் சொல்லுவ.”

ஐயரைத் தேடிப் போனேன். வெளியூருக்குத் திருமண்டலக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், நாளை நேராக ஆராதனைக்குத்தான் வருவார். போன் அணைந்திருக்கிறது. கிப்ட்சனுக்கு ‘நாளை கோயிலில் ஐயரிடம் சொல்லிவிடுகிறேன்’ என்று அனுப்பினேன். ‘சரி’ என்று வந்தது. பிறகு, ‘அம்மாட்ட நான் இன்னைக்கே சொல்லிடுறேன். கோயில்லருந்து யாரும் போன் பண்ணி அவங்களுக்குத் தெரிய வேண்டாம்’ என்று வந்தது.

அம்மாவிடம் அப்பா சொன்னார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் சேலை கட்டி வெளியே வந்தபோது அம்மா நடையில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. இரவெல்லாம் என்னிடம் சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருப்பாள். சொன்னது ஒன்றுதான்.

“ஓலை வாசிக்கையில பொண்ணு போகக் கூடாது.”

“போயிட்டு வாரேம்மா.”

ஐயரை முன்னாலேயே பார்த்துவிடலாம் என்று சீக்கிரம் போனேன். அவர் வந்தபோது மணி அடித்துவிட்டது, பாடகர் குழு வரிசையில் நின்றது. “ஆராதனை முடிஞ்சு பேசலாம்மா” என்று அங்கியை மாட்டிக்கொண்டு போனார். பெண்கள் பக்கம் தூண் ஓரமாக உட்கார்ந்தேன். ஞானதீபம் அத்தை முன் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்து, வாயில் கை வைத்தாள். வழக்கத்தை மீறிவிட்டேன் என்று மட்டும்தான் நினைத்திருப்பாள். ஆண்கள் பக்கம் அப்பா, தேய்த்த சட்டையோடு.

இரண்டு பாட்டு. வேதபாடம். அறிவிப்புகள்.

மூன்றாம் முறையாக என் பெயரை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். இந்த வாரம் அடுத்த தாளுக்குப் போகாமல் கொஞ்சம் நின்றார். என்னைப் பார்த்து நின்றாரா, தாள் ஒட்டிக்கொண்டதா, தெரியவில்லை.

எழுந்தேன். பெஞ்சு சத்தம் போட்டது.

“எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்ல ஐயா.”

குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் அந்த இடத்தில் மின்விசிறி தவிர வேறு சத்தம் இல்லை. வேடிக்கையாக ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அது வரவில்லை.

“யாரும்மா பேசுறது?” ஒலிபெருக்கிக்குள் கேட்டார். தெரிந்தேதான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

“அத்தாராள்.”

ஆண்கள் பக்கம் அப்பா எழுந்தார். நின்றார்.

“சரிம்மா. இந்த ஓலை நிறுத்தப்படுகிறது” என்று ஐயர் தாளை மடித்தார். “உக்காரு.” நான் உட்கார்ந்த பிறகு அப்பா உட்கார்ந்தார். புதன்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டம் இடம் மாறியிருக்கிறது என்று ஐயர் வாசித்தார்.

முடிந்ததும் அத்தை என் பக்கம் வரவில்லை. யாரும் வரவில்லை. அப்பா அங்கிருந்தே பஸ் ஏறிக் கிப்ட்சன் வீட்டுக்குப் போனார். நானும் வருகிறேன் என்றதற்கு, “இன்னைக்கு வேண்டாம். ஒரு நாள் போயி அந்த அம்மாவப் பாரு” என்றார்.

வீட்டுக்கு வந்தேன். ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டிருக்கும். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பெங்களூருக்குப் போகிறேன் என்று நேசமணி மேடத்துக்கு எழுதி அனுப்பினேன். பிறகு, நாளைக்கு மாவு இல்லை என்பதால், அரிசியும் உளுந்தும் கழுவி ஊறப்போட்டேன்.